பனிக்குப் பின் வரும் நெருப்பு: நீலகிரி ஜமாஅத்துகள் பிப்ரவரிக்குள் செய்ய வேண்டியவை

ஊட்டி என்றதும் சமவெளியில் இருப்பவர்களுக்குக் குளிர்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் காடு எரிகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மலையில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நெருப்புக்கு வழி செய்து கொடுப்பதே பனிதான் என்பார்கள்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நீலகிரியில் உறைபனி விழுகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் காலையில் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டி வைத்தது போல வெள்ளையாக இருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பனியில் கருகிய புல் அங்கேயே நிற்கும். வடகிழக்குப் பருவமழை அதற்குள் முடிந்திருக்கும், கோடை மழைக்கு ஏப்ரல் ஆகும். இடைப்பட்ட இரண்டு மூன்று மாதங்கள் பகலில் சுள்ளென்ற வெயிலும் மாலையில் காற்றும்தான். மலைச்சரிவு முழுவதும் வைக்கோல் பரப்பியது போல ஆகிவிடும்.

பெர்ன்ஹில் ஊட்டி நகரத்தை ஒட்டிய பகுதி. லவ்டேலில் இருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் இதன் வழியாகத்தான் போகிறது. மைசூர் மன்னர்களின் கோடை அரண்மனை இங்குதான் இருக்கிறது. பெர்ன்ஹில்லிலும் அதைப் போன்ற மற்ற மலைக் குடியிருப்புகளிலும் நகரம் எங்கே முடிகிறது, மரங்கள் எங்கே தொடங்குகின்றன என்று கோடு போட முடியாது. வீடு, அதன் பின்னால் சமையற்கட்டு, அதற்குப் பின்னால் விறகு அடுக்கு, அதை ஒட்டியே சரிவில் கற்பூர மரங்கள். காட்டுத்தீ என்பது தொலைவில் முதுமலையில் நடக்கும் விஷயம் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை ஒருமுறை பார்த்தாலே போதும்.

2024 ரமலானில் குன்னூர் கண்டது

2024 மார்ச் மாதம், ரமலான் தொடங்கிய அதே வாரத்தில், குன்னூர் பாரஸ்ட்டேல் பகுதியில் தீப்பிடித்தது. மலைச்சரிவில் பரவிய அந்தத் தீ பல நாட்கள் அணையவில்லை. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் இரவு பகலாக நின்றும் கட்டுக்குள் வரவில்லை. கடைசியில் இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது. அடியில் பெரிய வாளியைத் தொங்கவிட்டு ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு சரிவின் மீது ஊற்றினார்கள். அப்படி ஊற்றிய தண்ணீர் சுமார் 16,000 லிட்டர். நகரங்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியோடு ஒப்பிட்டால் ஒன்றரை லாரி கூட வராது. விமானப்படையைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை, மலையில் பிடித்துக்கொண்ட தீயை அணைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டவே குறிப்பிடுகிறோம். தீயணைப்பு வண்டி சாலையோடு நின்றுவிடும். சரிவில் இறங்கிப் பச்சைக் கிளைகளால் அடித்து அணைப்பவர்கள் மனிதர்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் வனத்துறையின் கடைநிலை ஊழியர்களும், தினக்கூலிக்குத் தீத்தடுப்புக் காவலர்களாகச் சேர்க்கப்படும் பழங்குடி மக்களும்.

அந்தத் தீ எப்படித் தொடங்கியது? தனியார் தோட்டம் ஒன்றில் காய்ந்த செடி கொடிகளைக் கொளுத்தியபோது காட்டுக்குள் பரவியதாக வனத்துறை வழக்குப் பதிந்து, தோட்ட உரிமையாளர் உட்படச் சிலரைக் கைது செய்தது. சதி எதுவும் இல்லை. குப்பையை ஒழிக்க நினைத்து வைத்த நெருப்பு.

நம் நாட்டில் காட்டுத்தீக்கான காரணங்களில் மின்னல் மிக மிகக் குறைவு. மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டும் என்று வைப்பது, குப்பை எரிப்பது, அணைக்காமல் எறிந்த பீடி, அரைகுறையாக அணைத்த அடுப்பு என்று பெரும்பாலும் மனிதக் கைதான் காரணம். தரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேடுகள் மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவை என்று குர்ஆன் (30:41) சொல்வதை நாம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். நீலகிரியில் அதை எழுத்துக்கு எழுத்து கண்ணால் பார்க்கலாம்.

மலை ஏன் இப்படி எரிகிறது?

நீலகிரியின் சொந்தக் காடு சோலைக்காடு. பள்ளங்களில் ஈரம் சொட்டும் அடர்ந்த மரங்கள், அவற்றைச் சுற்றிப் பரந்த புல்வெளி. புல் எரிந்தாலும் சோலையின் ஓரத்துக்கு வந்ததும் ஈரத்தில் தீ பெரும்பாலும் அடங்கிவிடும். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் வெளிநாட்டு மரங்கள் கொண்டுவரப்பட்டன. 1840களில் வந்த கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும், சீகை மரமும், பின்னால் வந்த பைனும் புல்வெளிகளை விழுங்கின. சுதந்திரத்துக்குப் பிறகும் ஆலைகளின் மரக்கூழ்த் தேவைக்காக இந்த நடவு தொடர்ந்தது.

நீலகிரித் தைலம் நம் வீடுகளில் சளிக்குத் தேய்க்கும் மருந்து. ஊட்டி கடைவீதியில் அதை விற்றுப் பிழைக்கும் நம் சகோதரர்களும் உண்டு. அந்த எண்ணெய் முழுவதும் இலையில்தான் இருக்கிறது, அது தீப்பற்றும் எண்ணெய். மரத்தின் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும். தீ வரும்போது அந்தப் பட்டைகள் கங்குகளாகக் காற்றில் பறந்து அடுத்த சரிவில் போய் விழும். பச்சை மரத்திலிருந்தே நெருப்பை உண்டாக்கித் தந்தவன் அல்லாஹ் என்று சொல்லும் யாசீன் அத்தியாயத்தின் வசனம் (36:80) இந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு நினைவுக்கு வருகிறது.

கீழ்மலைக் காடுகளில் வேறொரு சிக்கல். உன்னிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. முன்பு தரையோடு தவழ்ந்து போன தீ, இந்தப் புதர் வழியாக ஏணி ஏறுவது போல மரங்களின் மேலே ஏறுகிறது. பிலிகிரிரங்கன் மலையின் சோளிகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ வைத்து, பின்னால் பெருந்தீ வராமல் பார்த்துக்கொள்வார்கள். நீலகிரியின் தோடர்களுக்கும் புல்வெளியைக் காலம் பார்த்துக் கொளுத்தும் வழக்கம் இருந்தது. வனச்சட்டங்கள் அதைத் தடுத்துவிட்டன. அந்த அறிவை முழுவதும் ஒதுக்கியது சரியா என்று இப்போது வன ஆய்வாளர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது என்றே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் அது எந்த நாளில், எந்த ஈரத்தில், எந்தப் பக்கத்துக் காற்றில் வைப்பது என்று தெரிந்தவர்களின் வேலை. நாம் வீட்டுக்குப் பின்னால் கொளுத்துவதற்கு அது ஆதாரம் ஆகாது.

வெப்பமும் கூடி வருகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் 29 டிகிரி செல்சியஸ் பதிவானது. சென்னைவாசிகளுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். மின்விசிறி இல்லாமல் கட்டிய வீடுகள் நிறைந்த ஊருக்கு அது இதுவரை பார்க்காத கணக்கு.

என் நிலம், என் நெருப்பு என்று சொல்லலாமா?

சொந்த நிலத்தில் குப்பை எரிப்பதைக் கேள்வி கேட்டால் வரும் முதல் பதில் இதுதான்: "என் தோட்டத்தில்தானே எரிக்கிறேன்". மார்க்கச் சட்டம் இந்த வாதத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அலசிவிட்டது. ஒருவர் தன் நிலத்தில் வழக்கமான அளவில், கவனத்தோடு மூட்டிய நெருப்பிலிருந்து பொறி பறந்து அயலாரின் பொருள் எரிந்தால் அவர் மீது ஈடு இல்லை. பலமான காற்று வீசும் நாளில் மூட்டினாலோ, பரவும் அளவுக்குப் பெரிதாக மூட்டினாலோ, எரிந்த பொருளுக்கு அவர் ஈடு கொடுத்தாக வேண்டும். இமாம் இப்னு குதாமா (ரஹ்) அவர்களின் 'அல்முக்னி' இதைத் தெளிவாகப் பேசுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களிலும் காற்றடிக்கும் நாள் என்ற இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். ஆக, காற்று பார்க்காமல் கொளுத்துவது வெறும் அஜாக்கிரதை அல்ல, அது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. தவ்பா மட்டும் செய்து கடந்துவிட முடியாத கடன்.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தங்கள் பங்கில்தானே ஓட்டை போடுகிறோம் என்று துளைக்கத் தொடங்க, மேல்தளத்தார் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமை (புகாரி 2493) மலைச்சரிவுக்கு அப்படியே பொருந்தும். ஒரே ஒரு வேறுபாடு, மலையில் கீழே இருப்பவர் வைக்கும் தீ மேலே இருப்பவரைத்தான் முதலில் பிடிக்கும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பகலில் மலையில் காற்று கீழிருந்து மேலே வீசும். பிற்பகல் நேரத்துத் தீ அதனால்தான் மோசமானது.

காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882ன் 21ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பட்டா நிலத்தில் வைத்த தீ காப்புக்காட்டுக்குள் போனாலும் வழக்கு வரும்.

ரமலானும் தீக்காலமும் ஒன்றாக வரும் ஆண்டுகள்

பெரும்பாலான ஜமாஅத்துகள் இன்னும் யோசிக்காத ஒன்றுக்கு வருகிறோம். பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் 2026, 2027 இரண்டு ஆண்டுகளிலும் ரமலான் பிப்ரவரியில் தொடங்குகிறது. நீலகிரியின் காய்ந்த காலம் அதுதான்.

ரமலானுக்கு முன் மையவாடியைச் சுத்தம் செய்வது பல ஊர்களில் வழக்கம். மலை ஊர்களில் மையவாடி பெரும்பாலும் சரிவில் இருக்கும். காய்ந்த புல்லை வெட்டுவதை விடத் தீக்குச்சி எளிது என்று கொளுத்திவிடுகிறார்கள். இதை நிறுத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் பத்துப் பேர் அரிவாளோடு இறங்கினால் வேலை முடிந்துவிடும். வெட்டிய புல்லை மாடு வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அல்லது குழி தோண்டி எருவாக்கலாம். புல் இன்னும் பச்சையாக இருக்கும் டிசம்பரிலேயே செய்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது நோன்புக்கஞ்சி. பள்ளிவாசல் பின்புறம் விறகடுப்பில் பெரிய தேக்சாவில் கஞ்சி காய்ச்சுகிறோம். இஃப்தார் அவசரத்தில் அடுப்புக் கங்கை வாரிச் சுவருக்கு அந்தப்பக்கம் கொட்டுவது நடக்கிறது. மேலே சாம்பல் பூத்துப் போனாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை கனன்று கொண்டிருக்கும். இரவுக் காற்றில் சாம்பல் விலகினால் போதும். தண்ணீர் ஊற்றி, கம்பால் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடு தெரியவில்லை என்றால்தான் அது அணைந்த அடுப்பு. ஸஹர் சமையலை முடித்துவிட்டு அப்படியே படுக்கும் வீடுகளுக்கும் இது பொருந்தும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடும்பத்தோடு எரிந்துபோன செய்தி எட்டியபோது, நெருப்பு உங்கள் எதிரி, உறங்கும் முன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை புகாரி (6294) பதிவு செய்கிறது.

தராவீஹ் நேரத்தில் பள்ளியைச் சுற்றிய சந்துகளில் வாகனங்களை நாம் எப்படி நிறுத்துகிறோம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜும்ஆவிலும் அதே கதைதான். தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாத சந்தில் தீ பிடித்தால் பழி யாருடையது? நிர்வாகம் இரண்டு பேரை வாசலில் நிறுத்தி ஒரு பக்கத்தைக் காலியாக வைக்கச் சொல்லலாம். இதற்குப் பணமே தேவையில்லை.

பள்ளிவாசலிடம் தீக்காலத்தில் வேறு யாரிடமும் இல்லாத வசதிகள் உண்டு. ஒலிபெருக்கி, எப்போதும் நிறைந்திருக்கும் ஹவுள் அல்லது தண்ணீர்த் தொட்டி, நூறு பேரைத் தங்கவைக்கும் கூடம், பெரிய அளவில் சமைக்கத் தெரிந்த கைகள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்த பேரிடரை மலைமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது போன்ற நாட்களில் பள்ளிகளும் கோயில்களும் தேவாலயங்களும்தான் முதல் புகலிடம். தீக்கும் அப்படித் தயாராக வேண்டும், இந்த முறை முன்கூட்டியே. மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் யார் யார், அவர்களை யார் தூக்கி வருவது என்ற ஒரு பட்டியல் முத்தவல்லியின் கையில் இருக்க வேண்டும். அதில் முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தொட்டியில் தீயணைப்புக் குழாய் பொருந்துமா என்று நிலையத்துக்குப் போய் அதிகாரிகளை அழைத்து வந்து காட்டுவதும் நல்லது. அழைத்தால் வருவார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தீயைப் பார்த்ததும் கிளையை ஒடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடாதீர்கள். வனத்துறையினர் எதிர்த்தீ வைத்திருக்கலாம், காற்று திரும்பினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அவர்கள் சொல்லும் இடத்தில் நின்று, தண்ணீர், உணவு, முகக்கவசம் கொண்டுபோய்க் கொடுப்பதே பெரிய உதவி.

வீட்டைச் சுற்றி

காட்டை ஒட்டிய வீடுகள் பெரும்பாலும் தீச்சுவாலை தொட்டு எரிவதில்லை. பறந்து வரும் கங்கு ஓட்டு இடுக்கிலோ, கூரையில் தேங்கிய சருகிலோ, சுவரோரம் அடுக்கிய விறகிலோ விழுந்து எரிகின்றன. எனவே சுவரை ஒட்டி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. விறகை முப்பதடி தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் மேலே தகரம் போட்டு மூடுங்கள். கூரைச் சருகை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கூட்டித் தள்ளுங்கள். வீட்டின் மேல்பக்கத்தை விடக் கீழ்ப்பக்கச் சரிவைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும், தீ அங்கிருந்துதான் ஏறி வரும். சிறு தேயிலை விவசாயிகள் கவாத்து செய்த கிளைகளைக் கொளுத்தாமல் செடிகளுக்கு இடையிலேயே பரப்பினால் மண்ணில் ஈரமும் நிற்கும். பராமரிக்கும் தேயிலை பச்சையாக இருப்பதால் தீயைத் தாமதப்படுத்தும். கைவிட்ட தோட்டம் நேர்மாறானது.

பட்டா, ஆதார், குடும்ப அட்டை, மாத்திரைகள் ஒரே பையில் இருக்கட்டும். புகை சூழ்ந்தால் ஜன்னல்களை மூடி உள்ளேயே இருங்கள். ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது, என்-95 முகக்கவசம்தான் உதவும். சரிவில் தீயிடம் மாட்டிக்கொண்டால் மேலே ஏறக் கூடாது. பக்கவாட்டில் சாலை, ஓடை அல்லது ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்தை நோக்கிப் போக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காய்ந்த புல் சரிவில் தீயிடம் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பாலியஸ்டர் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நம் பெண்கள் அணியும் புர்காக்களில் பலவும் அந்தத் துணிதான். அடுப்பருகிலும் தீ அபாயம் உள்ள நேரத்திலும் பருத்தித் துணி நல்லது.

வதந்தி பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் அல்ஜீரியாவின் கபீலியா மலைப்பகுதியில் பெருந்தீ பரவி, மீட்கப் போன ராணுவ வீரர்கள் உட்பட சுமார் 90 பேர் இறந்தார்கள். அந்தக் கலவரமான நேரத்தில், தீயணைக்க உதவலாம் என்று வேறு ஊரிலிருந்து வந்த ஓர் இளைஞரையே தீ வைத்தவர் என்று சந்தேகித்துக் கூட்டம் அடித்துக் கொன்றது. கொன்றவர்களும் முஸ்லிம்கள், இறந்தவரும் முஸ்லிம். ஒரு காட்டுத்தீயை எந்தச் சமூகத்தின் தலையில் வேண்டுமானாலும் கட்டிவிட ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு போதும் என்ற காலத்தில் இருக்கிறோம். செய்தியை உறுதி செய்யாமல் பரப்ப வேண்டாம் என்ற குர்ஆனின் கட்டளை (49:6) தீக்காலத்தில் ஜும்ஆ மேடையில் நினைவூட்டப்பட வேண்டியது.

பெருநாளுக்கு மலையேறும் குடும்பங்களுக்கு

பெருநாள் முடிந்ததும் வேன் பிடித்து ஊட்டிக்குப் போவது நம் குடும்பங்களின் பழக்கமாகிவிட்டது. மகிழ்ச்சிதான். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். பிரியாணிச் சட்டியையும் அடுப்பையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையோரக் கற்பூர மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமைப்பதை மட்டும் இந்தப் பருவத்தில் விட்டுவிடுங்கள். நெருப்பைப் பயணிகளுக்குப் பயனுள்ளதாக ஆக்கியதாக அல்லாஹ் அருட்கொடையாகச் சொல்லிக் காட்டுகிறான் (56:73). அந்தக் கொடையைப் பிறர் வீட்டுக்குப் பின்னால் கங்காக விட்டு வருவது நன்றியாகாது. சமைத்து எடுத்துப் போங்கள், அல்லது அங்கேயே கடையில் சாப்பிடுங்கள்.

வழியில் புகை எழுவதைப் பார்த்தால் வீடியோ எடுப்பதற்கு முன் 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்துக் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. மலையில் இருப்பவர்கள் அதில் இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் கடந்து போகும், சிறு தீ அதன் கண்ணில் படாமலும் போகலாம். நீங்கள் அழைக்கும்போது "ஊட்டி போகும் வழியில்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கொண்டை ஊசி வளைவு, அருகில் எந்த எஸ்டேட் பலகை, புகை சாலைக்கு மேலா கீழா என்று சொல்லுங்கள்.